ஹிட்லர் துரத்திய பேராசிரியர்களுக்கு யார் வேலை கொடுத்தார்கள்?

(திரையில்: பெர்லின், 1933)

ஹிட்லர் பதவிக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 1933-லேயே யூதர்களை அரசு வேலையிலிருந்து நீக்கச் சட்டம் வந்துவிட்டது. ஜெர்மனியில் பல்கலைக்கழகப் பேராசிரியரும் அரசு ஊழியர்தான், அதனால் ஏராளமானவர்களின் வேலை பறிபோனது. அப்புறம் 1938-இல் ஆஸ்திரியாவும் ஹிட்லர் கைக்குப் போனது.

ஐன்ஸ்டைனை அமெரிக்கா கொண்டாடியது. அந்த அளவு புகழ் இல்லாதவர்கள் என்ன ஆனார்கள்? அமெரிக்காவில் அப்போது பெரும் பொருளாதார மந்தம், போதாததற்குப் பல பெரிய பல்கலைக்கழகங்களில் யூத வெறுப்பு. அவர்களில் பலருக்கு வேலை கொடுத்தவை தெற்கு மாநிலங்களில் இருந்த, காசுக்குத் திண்டாடிய கறுப்பினக் கல்லூரிகள்.

வியன்னாவிலிருந்து தப்பி வந்த விக்டர் லோவன்ஃபெல்ட் 1939-இல் வர்ஜீனியாவின் ஹாம்ப்டன் கல்லூரியில் ஓவியம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். குழாய் வேலை படிக்க அங்கே வந்த ஜான் பிக்கர்ஸ் என்ற கறுப்பின இளைஞர் இவர் வகுப்புக்குப் போய் ஓவியத்துக்கே மாறிவிட்டார். பின்னாளில் அமெரிக்காவின் முக்கியமான சுவரோவியக் கலைஞர்களில் ஒருவர் ஆனார்.

(திரையில்: மிசிசிப்பி, டூகலூ கல்லூரி)

எனக்கு மிகவும் பிடித்தவர் எர்ன்ஸ்ட் போரின்ஸ்கி. ஜெர்மனியில் சட்டம் படித்தவர், 1947-இல் டூகலூவில் சமூகவியல் ஆசிரியராகச் சேர்ந்தார். கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உட்காருவதையே அந்த மாநிலம் குற்றமாகப் பார்த்த காலம் அது, இவரோ பேச்சுக் கூட்டம் நடத்தி ஜாக்சன் நகர வெள்ளையர்களையும் கூப்பிடுவார். தன் மாணவர்களை முன்னாலேயே வரச்சொல்லி, ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிடுவார். விருந்தாளி எங்கே உட்கார்ந்தாலும் பக்கத்தில் ஒரு கறுப்பின மாணவர் இருப்பார்! இனப் பிரிவினையைக் காப்பாற்றவே மாநில அரசு அமைத்த ஆணையம் இவரையும் உளவு பார்த்தது.

யூதப் பேராசிரியர், கறுப்பின மாணவர் இருவர் நிலைமையும் ஒன்றே என்று நான் சொல்ல மாட்டேன். பேராசிரியர் பேருந்தில் முன்னால் உட்காரலாம், அவருடைய மாணவர் பின்னால்தான் போக வேண்டும், அந்த வித்தியாசத்தை மறைத்துவிட்டு ஒற்றுமை பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அது தெரிந்தும் போரின்ஸ்கி வேறு இடம் தேடிப் போகவில்லை. 1983-இல் இறக்கும்வரை டூகலூதான் அவருக்கு வீடு, அந்த வளாகத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.