போர்நிறுத்தம் கையெழுத்தான மறுநாள் என்ன நடக்கும்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி ஏற்காடு நாகலூர்ல இருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்காரு. “சார், ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டாச்சு. மறுநாள் யார் முதல்ல பின்வாங்குவாங்க? ஒருத்தர் மீறிட்டா ஒப்பந்தம் அதோட முடிஞ்சுதா?”

நல்ல கேள்வி தம்பி. யார் முதல்லங்கற சண்டையே வரக்கூடாதுன்னுதான், எந்த வேலை எத்தனாவது நாளுக்குள்ள முடியணும்னு ஒப்பந்தத்துலயே எழுதிடறாங்க. 2002ல இலங்கை அரசும் புலிகளும் போட்ட ஒப்பந்தத்தையே எடுத்துக்குவோம். நார்வே நடுவுல நின்னு பண்ணி வெச்சது. நம்ம தாரமங்கலம் பக்கம் குறுக்குப்பட்டி இலங்கை அகதிகள் முகாம்ல இருக்கற குடும்பங்களுக்கெல்லாம் அதுல ஒவ்வொரு வரியும் ஊருக்குத் திரும்ப முடியுமாங்கற கேள்வி.

பிப்ரவரி 23ல அமலுக்கு வந்துச்சு. அந்த நாள்ல இருந்து எண்ணிக்கணும். முன்னரண், அதாவது எதிர்ப்படைக்கு நேரா இருக்கற காவல் வரிசை, இருக்கற இடத்துல ரெண்டு படைக்கும் நடுவுல குறைஞ்சது 600 மீட்டர் இடைவெளி. கோயில், சர்ச், மசூதியில உக்காந்திருக்கற படை 30 நாள்ல காலி பண்ணணும். பள்ளிக்கூடத்துக்கு 160 நாள். அரசு கையில இருக்கற பகுதிக்கு அரசியல் வேலைக்கு வர்ற புலிகளைக்கூட ஒரேயடியா விடலை. ஆயுதம் இல்லாம முதல்ல 50 பேர், 60 நாள் ஆனதும் இன்னொரு 100 பேர், 90 நாளுக்கு அப்புறம் எல்லாரும். கொஞ்சம் நம்பிக்கை வந்த பிறகு அடுத்த படி, அவ்வளவுதான் கணக்கு. யாழ்ப்பாணத்துக்குப் போற ஏ9 ரோடும் அந்த வருஷமே திறந்துச்சு.

இதையெல்லாம் யார் பார்க்கறது? நார்வே, ஸ்வீடன், டென்மார்க், ஃபின்லாந்து, ஐஸ்லாந்துல இருந்து வந்த கண்காணிப்புக் குழு. ஆறு மாவட்டத்துல உள்ளூர் கமிட்டியும் இருந்துச்சு. ஒவ்வொண்ணுலயும் அரசு சார்பா ரெண்டு பேர், புலிகள் சார்பா ரெண்டு பேர், தலைமைக்கு ஒரு வெளிநாட்டுக்காரர். புகார் வந்தா நேர்ல போய் விசாரிச்சு, இது மீறல்னு தீர்ப்பு சொல்லுவாங்க. தண்டிக்கற அதிகாரம் மட்டும் கிடையாது.

தேதி போட்டு எழுதின வேலை பெரும்பாலும் நகர்ந்துச்சுங்க. எழுதாம விட்டதுதான் வெடிச்சது. யாழ்ப்பாணத்துல உயர் பாதுகாப்பு வலயத்துக்குள்ள, அதாவது ராணுவம் ஜனங்களை விடாம வெச்சிருந்த இடத்துக்குள்ள, ஜனங்க வீடு, வயல் எல்லாம் மாட்டிக்கிச்சு. அதைத் திருப்பிக் கொடுக்க ஒப்பந்தத்துல நாள் குறிக்கலை. புலிகள் ஆயுதத்தைக் குறைச்சாத்தான் விடுவோம்னு ராணுவம் சொல்லிடுச்சு. கடல்லயும் அதே கதை. நிலத்துல 600 மீட்டர்னு இருக்கு, புலிகளோட கடல் பிரிவான கடற்புலிப் படகுக்கும் கடற்படைக்கும் அந்த மாதிரி ஒரு கோடு போடலை. மோதல் வராம எப்படி இருக்கும்?

வட, தென் கொரியா போரை நிறுத்தின ஒப்பந்தத்தைப் பாருங்க. 1953 ஜூலை 27 காலைல கையெழுத்து, அன்னைக்கு ராத்திரி 10 மணிக்கு பீரங்கி நிக்கணும், 72 மணி நேரத்துல ஆளுக்கு 2 கிலோமீட்டர் பின்னாடி போகணும். கோடு துல்லியமா வரைபடத்துல இருந்துச்சு. ஊருக்குத் திரும்ப மாட்டேன்னு சொன்ன கைதிகளை நம்ம இந்தியப் படைதான் காவல் காத்தது. அந்தக் கைதிகளைக் கவனிக்க நடுநிலை நாடுகள் சேர்ந்த கமிஷன் ஒண்ணு இருந்துச்சு, அதுக்குத் தலைவர் நம்ம ஜெனரல் திம்மையா. சமாதான ஒப்பந்தம் இன்னிக்கு வரைக்கும் வரலை, ஆனா அந்தக் கோடு அப்படியே நிக்குது.

ஒரு தரப்பு மீறினா முடிஞ்சுதான்னு கேட்டீங்க. இல்லை தம்பி. விலகறதுக்குக்கூட வழி எழுதியிருப்பாங்க. இலங்கையில 14 நாள் நோட்டீஸ். 2006ல கிழக்கு இலங்கையில மாவிலாறு பக்கம் திரும்பவும் பெரிய சண்டை மூண்டுருச்சு. அதே வருஷம் ஐரோப்பிய யூனியன் புலிகளைத் தடை பண்ண, அந்த யூனியன்ல இருக்கற நாட்டுக்காரங்க வேண்டாம்னு புலிகள் சொல்லிட்டாங்க. கண்காணிப்புல மிச்சம் நார்வே, ஐஸ்லாந்து ரெண்டுதான். அப்பவும் காகிதத்துல ஒப்பந்தம் இருந்துச்சு. 2008 ஜனவரி தொடக்கத்துல அரசு நோட்டீஸ் கொடுத்துச்சு, ஜனவரி 16ல ஒப்பந்தம் காலாவதி ஆச்சு.