ஓடிபி சொல்லாமலே பணம் போவது எப்படி?

[திரையில்: குடும்ப வாட்ஸ்அப் குழு. அதில் ‘திருமண அழைப்பிதழ்’ என்று ஒரு ஃபைல்.]

“சார், நான் யாருக்கும் ஓடிபி சொல்லவே இல்லை. அப்புறம் எப்படிப் பணம் போச்சு?”

சைபர் கிரைம் புகார் கொடுக்க வருகிறவர்களில் பலர் கேட்கிற கேள்வி இது. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வங்கிகள் வருஷக்கணக்காகச் சொல்லி வந்தன. மக்கள் கேட்டுக்கொண்டார்கள். திருடர்களும்தான் கேட்டுக்கொண்டார்கள். ஆளை விட்டுவிட்டு இப்போது போனிடமே ஓடிபியைக் கேட்கிறார்கள்.

இந்தக் கல்யாணப் பத்திரிகையையே எடுத்துக்கொள்வோம். “நேரில் வந்து அழைக்க முடியவில்லை, இதையே நேரில் அழைத்ததாக ஏற்றுக்கொண்டு குடும்பத்தோடு வரவும்.” அனுப்பியவர் உங்களுக்குத் தெரிந்தவர்தான். முகூர்த்த மாதம் வேறு. யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

[திரையில்: ஃபைல் பெயரின் கடைசி மூன்று எழுத்துகள் பெரிதாகின்றன.]

ஃபைல் பெயரின் கடைசியில் பாருங்கள். ஏபிகே. பத்திரிகை என்றால் படமாக வரும், பிடிஎஃப்பாக வரும், பாட்டுப் போட்ட வீடியோவாகவும் வரும். ஏபிகே என்பது ஆண்ட்ராய்டு போனில் ஆப் நிறுவுவதற்கான ஃபைல். எந்தக் கல்யாண வீட்டுக்கும் அது தேவையில்லை. இதே ஃபைல் ‘வண்டிக்கு அபராதம்’, ‘வங்கி கேஒய்சி’, ‘பிஎம் கிசான்’ என்று பல பெயர்களில் சுற்றுகிறது.

தொட்டவுடனே போன் கெட்டுவிடாது. ஆண்ட்ராய்டு முதலில் தடுக்கும்: தெரியாத இடத்திலிருந்து வந்த ஆப், அனுமதிக்கவா என்று கேட்கும். பத்திரிகையைப் பார்க்கிற அவசரத்தில் நாம் அதைத் தாண்டுகிறோம். நிறுவிய பிறகு இன்னொரு கேள்வி வரும்: எஸ்எம்எஸ் அனுப்பவும் பார்க்கவும் இந்த ஆப்பை அனுமதிக்கலாமா? பத்திரிகைக்கு எதற்கு எஸ்எம்எஸ்? ஆனால் டார்ச் லைட் ஆப்புக்குக்கூட ‘அனுமதி’ அழுத்தியே பழகிய விரல், இங்கேயும் அழுத்திவிடுகிறது.

பணம் போவதற்கான வழி இந்த இடத்தில்தான் திறக்கிறது. வீட்டுக்கு வரும் தபாலையெல்லாம் பிரித்துப் படித்து நகல் எடுத்துவிட்டு உள்ளே தர நாமே ஒரு ஆளை வாசலில் உட்கார வைத்த மாதிரி. ஆப்பின் ஐகான் திரையிலிருந்து மறைந்துவிடும். உங்களுக்கு வரும் ஒவ்வொரு எஸ்எம்எஸ்ஸும் எங்கோ இருக்கும் ஒருவருக்குப் போய்க்கொண்டிருக்கும்.

படிக்கிற அனுமதியை விட, அனுப்புகிற அனுமதி இன்னும் மோசம். யுபிஐ ஆப்பைப் புதிதாகத் தொடங்கும்போது, உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் தானாகப் போவதைப் பார்த்திருப்பீர்கள். இந்த எண் இந்தப் போனில்தான் இருக்கிறது என்று வங்கி உறுதிசெய்துகொள்வது அதை வைத்துத்தான். திருடர் தன் போனில் யுபிஐ தொடங்கிவிட்டு, அந்த எஸ்எம்எஸ்ஸை உங்கள் போனிலிருந்து போக வைக்க முடியும். இனி யுபிஐ பின் நம்பர் வைக்க வேண்டும். அதற்கு வேண்டியது டெபிட் கார்டின் கடைசி ஆறு எண், காலாவதி மாதம், ஒரு ஓடிபி. கார்டு விவரத்தை, வங்கிப் பக்கம் மாதிரியே ஒரு படிவத்தைக் காட்டி இந்த ஆப்களில் சில முன்பே வாங்கிவிடுகின்றன. ஓடிபி தானாகவே அங்கே போகிறது.

அந்த ஆப் தன்னை முதன்மை எஸ்எம்எஸ் ஆப்பாக மாற்றிக்கொண்டால், பணம் எடுக்கப்பட்டது என்ற வங்கிச் செய்தியையும் அழித்துவிடலாம். பாஸ்புக் போடப் போகும்போதுதான் பலருக்கு விஷயம் தெரிகிறது.

வாட்ஸ்அப்பை வேறு போனில் திறக்கவும் எஸ்எம்எஸ்ஸில் வரும் ஆறு இலக்க எண்தான் வேண்டும். அதுவும் கையில் இருப்பதால் உங்கள் பெயரில் அதே பத்திரிகை உங்கள் சொந்தக்காரர்களுக்குப் போகும். உங்களுக்கு அனுப்பிய மாமாவுக்கும் இதுதான் நடந்திருக்கும், அவரைத் திட்டாதீர்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு படிச் சரிபார்ப்பு என்ற பின் நம்பரை வைத்திருந்தால் இந்தச் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும்.

ஐபோனில் ஏபிகே ஓடாது. அதற்காக ஐபோன் வைத்திருப்பவர்களை யாரும் விட்டுவைக்கவில்லை, வழிதான் வேறு. கொரியர் பையன் என்று ஒருவர் கூப்பிட்டு, ஸ்டார், ஹேஷ் கலந்த ஒரு எண்ணை டயல் செய்யச் சொல்வார். அது கால் ஃபார்வர்டு, அதாவது உங்களுக்கு வரும் அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடுவது. குரல் அழைப்பில் வரும் ஓடிபி இனி அவருக்குப் போகும். இப்படி டயல் செய்து ஃபார்வர்டு போடும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தும்படி மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை, செல்போன் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. இருந்தாலும் சந்தேகம் வந்தால் ##002# அழுத்துங்கள், ஃபார்வர்டு எல்லாம் ரத்தாகும்.

கடை, கம்பெனி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. கம்பெனிக் கணக்கின் ஓடிபி பெரும்பாலும் கணக்குப் பிள்ளையின் சொந்தப் போனுக்கே வருகிறது. அதே போனில் குடும்பக் குழு, குழந்தையின் கேம், இலவச ஆப் எல்லாம். லட்சக்கணக்கில் வரவு செலவு பார்க்கும் இடத்தில் இப்படி விடுவதற்குக் கஞ்சத்தனத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. ஒரு சாதாரண பட்டன் போன் வாங்கி, அந்த சிம்மை அதில் போட்டு, மேஜை டிராயரில் பூட்டி வையுங்கள். அதில் ஏபிகே ஏறாது.

[திரையில்: செட்டிங்ஸ், பெர்மிஷன் மேனேஜர், எஸ்எம்எஸ்.]

இப்போதே செட்டிங்ஸில் பெர்மிஷன் மேனேஜருக்குப் போய் எஸ்எம்எஸ்ஸைத் திறங்கள். எந்தெந்த ஆப் உங்கள் செய்திகளைப் படிக்கிறது என்று பட்டியல் வரும். தெரியாத பெயர் இருந்தால் அனுமதியை எடுத்துவிட்டு ஆப்பை நீக்குங்கள்.

சரி, ஏற்கெனவே நிறுவிவிட்டீர்கள் என்றால்? முதலில் ஏர்பிளேன் மோட். வைஃபையை மட்டும் அணைத்தால் போதாது, எஸ்எம்எஸ் சிம் வழியாகவும் போகும். பிறகு இன்னொருவர் போனிலிருந்து 1930. இது உள்துறை அமைச்சகத்தின் சைபர் மோசடி உதவி எண். பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அந்த வங்கிக்குத் தகவல் போய், மிச்சம் இருப்பதை அங்கேயே முடக்குவார்கள். திருடர்கள் பணத்தை ஒரே கணக்கில் வைப்பதில்லை, கணக்கு விட்டுக் கணக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். நாளைக்குக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கினால் முடக்க எதுவும் இருக்காது. பணப் பரிமாற்றத்தின் 12 இலக்க எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். வந்த ஃபைலையும் சாட்டையும் இன்னொரு போனில் படம் பிடித்த பிறகு, உங்கள் போனை ஃபேக்டரி ரீசெட் செய்யலாம், அதாவது எல்லாவற்றையும் அழித்துப் புதுப் போன் மாதிரி ஆக்கலாம்.

அடுத்து வங்கி. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, தவறு வங்கி மீதும் இல்லை, உங்கள் மீதும் இல்லை என்றால், தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் முழுப் பணமும் திரும்ப வர வேண்டும். வங்கி இதை உங்கள் கவனக்குறைவு என்று சொல்லும். அப்படியே வைத்துக்கொண்டாலும், நீங்கள் தகவல் சொல்வதற்கு முன்பு போன பணம்தான் உங்கள் நஷ்டம். சொன்ன பிறகு போவதற்கு வங்கியே பொறுப்பு. அதனால் வாயால் சொல்லிவிட்டு வராமல், புகார் எண்ணையும் நேரத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.