காணாமல் போன யூயூவும் அப்பா அனுப்பிய பதினொரு போட்டோக்களும்

வணக்கம் மக்களே. குரல் கரகரப்பாக இருக்கும், ராத்திரி இரண்டு மணி வரை கண் விழித்திருந்தேன். ஆனால் இதை இன்றைக்கே சொல்லியாக வேண்டும். சித்தப்பாவின் ஹார்ட் டிஸ்க்கில் இருந்த போட்டோக்கள் திறந்துவிட்டன. பதினொன்றும்!

போன மாத வீடியோவில் அந்த டிஸ்க்கைக் காட்டினேன் இல்லையா, அதில் இருந்த 1998 மெயில்கள்தான். சித்தப்பா சிங்கப்பூரில் இருந்தபோது அப்பா ஊரில் ஸ்கேன் செய்து அனுப்பியவை. திறந்தால் நாலு வரி கடிதம். அதற்குக் கீழே 'பிகின் 644' என்று தொடங்கிப் பக்கம் பக்கமாகப் புரியாத எழுத்து, கடைசியில் 'எண்ட்'. இதுதான் யூயூஎன்கோட், 1980இல் மேரி ஆன் ஹார்டன் எழுதியது. அன்றைய மெயிலில் வெறும் எழுத்துதான் சேதமில்லாமல் போய்ச் சேரும். அதனால் படத்தை மூன்று மூன்று பைட்டாக எடுத்து நாலு நாலு எழுத்தாக மாற்றி அனுப்புவார்கள்.

உற்றுப் பார்த்தால் ஏறக்குறைய எல்லா வரியும் 'எம்' என்ற எழுத்தில்தான் தொடங்கும். வரியில் எத்தனை பைட் என்பதை முதல் எழுத்து சொல்கிறது. முழு வரிக்கு 45 பைட், அதோடு 32 கூட்டினால் 77, எழுத்துக்கு ஓர் எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையில் 77 என்றால் 'எம்'. எவ்வளவு அழகான ஏற்பாடு!

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். மெயில் அட்டாச்மென்ட் பற்றிய என் பழைய வீடியோவில், இந்த எழுத்தை மறுபடி படமாக்க பைத்தான் என்ற நிரல் மொழியில் நான் எழுதிய பத்து வரி ஸ்கிரிப்ட் புது லேப்டாப்பில் முதல் வரியிலேயே நின்றுவிட்டது. யூயூ என்று ஒரு மாட்யூலே, அதாவது யூயூஎன்கோடைப் பிரிக்க பைத்தானோடு கூடவே வந்த துணை நிரலே, இல்லை என்கிறது. 2024 அக்டோபரில் வந்த பைத்தான் 3.13இல் அதை எடுத்துவிட்டார்கள். 3.11இலேயே எச்சரித்தார்கள், உண்மைதான். ஆனாலும் எனக்கு உடன்பாடு இல்லை. பழைய பூட்டு வீட்டில் இருக்கும்போது சாவியை ஏன் தூக்கிப் போட வேண்டும்?

அந்தக் கோபத்தில் ஒரு மென்பொருளை இறக்கினேன். இலவசம் என்று போட்டிருந்தது. எல்லாக் கோப்பையும் உள்ளே வாங்கிக்கொண்டு, கட்டைவிரல் அளவுக்குப் படத்தைக் காட்டி, சேமிக்க 2,899 ரூபாய் கேட்டது. 2,899! நம் வீட்டுப் படத்தை நமக்கே தர! உடனே அழித்தேன். தயவுசெய்து யாரும் இதற்குக் காசு கட்டாதீர்கள்.

ஏனென்றால் யூயூ போனாலும் பைத்தானில் பைன்ஆஸ்கி என்ற மாட்யூல் இருக்கிறது. அதில் 'ஏ டூ பி யூயூ' என்ற ஃபங்ஷன் ஒரு வரியைக் கொடுத்தால் பைட்டுகளைத் திருப்பித் தரும். 'பிகின்' வரியைத் தேடுங்கள், அடுத்த வரியிலிருந்து 'எண்ட்' வரை ஒவ்வொன்றாகக் கொடுத்து ஒரே கோப்பில் எழுதுங்கள். அவ்வளவுதான். அட, ஒன்றை விட்டுவிட்டேன்: மெயில் கோப்பை டெக்ஸ்டாகத் திறக்காதீர்கள், பைட்டாகத் திறங்கள், திறக்கும் கட்டளையில் 'ஆர்பி' போட்டு. புதுப் படத்தை எழுதும்போதும் 'டபிள்யூபி'.

பத்து படம் வந்தது. ஏழாவது மட்டும் மேல் பாதியில் தென்னை மரம், கீழ்ப் பாதி வெறும் சாம்பல் நிறம். ஒரு வரியில் 'ட்ரெய்லிங் கார்பேஜ்', அதாவது கடைசியில் குப்பை, என்று எரர். ஒரு மணி நேரம் அதோடு மல்லுக்கட்டினேன். அந்த வரியை எண்ணினால் 62 எழுத்து. முழு வரியில் 61தான் இருக்க வேண்டும்: முதல் எழுத்து ஒன்று, பிறகு 60. படத்தை எழுத்தாக மாற்றும் பழைய மென்பொருள்கள் சில, வரிக் கடைசியில் ஓர் எழுத்தைக் கூடுதலாக ஒட்டிவிடும். பழைய யூயூ மாட்யூல் இதைத் தானே வெட்டிவிடும். இப்போது நாம் வெட்ட வேண்டும். எரர் வந்தால் அந்த வரியின் முதல் 61 எழுத்தை மட்டும் எடுத்து மறுபடி கொடுங்கள். கடைசி வரி சின்னதாக இருக்கும், அதற்கு பைட் எண்ணிக்கையை நாலால் பெருக்கி, ஐந்தைக் கூட்டி, மூன்றால் வகுத்து, மீதியை விட்டுவிடுங்கள்; வருகிற எண் அளவுக்கு எழுத்தை எடுங்கள்.

வெட்டிவிட்டு மறுபடி ஓட்டினேன். சாம்பல் போய், தென்னைக்குக் கீழே திண்ணை வந்தது. திண்ணையில் ஆச்சி, மடியில் முறத்தோடு.