பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்

நடுவர் ஐயா அவர்களுக்கும், என் அணித் தோழர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், பின்னேர வேலைகளை ஒதுக்கிவிட்டு இந்தக் கிளிநொச்சி மண்டபத்துக்கு வந்திருக்கும் அம்மாமார், அப்பாமார், பிள்ளைகள் எல்லோருக்கும் வணக்கம்.

'தேசியக் கல்விச் சீர்திருத்தத்துக்குப் பெருந்தடை பெற்றோரின் பரீட்சை மோகமா, ஆள்வோரின் அவசரமா?' இதுதான் தலைப்பு. ஆள்வோரின் அவசரமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? அரசாங்கம் எத்தனை நல்ல திட்டம் கொண்டு வந்தாலும் பெற்றோர் விடமாட்டார்கள், புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் என்று பிள்ளையைப் பரீட்சைக்கென்றே வளர்க்கிறார்கள், ரியூசன் கொட்டில்கள் நிரம்பி வழிகின்றன என்றார். நிரம்பி வழிவது உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் ஏன் நிரம்புகின்றன என்று அவர் கேட்கவே இல்லையே! அதை நான் கேட்கிறேன்.

பெற்றோர் சீர்திருத்தத்துக்கு எதிரிகள் என்றால், இந்த நாட்டின் மிகப் பெரிய கல்விச் சீர்திருத்தம் எப்படி வென்றது? அன்றைய கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழு 1943இல் அறிக்கை கொடுத்தது. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. எந்தப் பெற்றோராவது வேண்டாம் என்றார்களா? ஓடி வந்து பிள்ளைகளைச் சேர்த்தார்கள். ஏனென்றால் அது பேச்சோடு நிற்கவில்லை. கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகள் எழுந்தன, விடுதி வந்தது, ஏழைப் பிள்ளை அங்கே தங்கிப் படிக்கப் புலமைப்பரிசில் வந்தது. இன்று எதிரணி திட்டித் தீர்க்கும் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை அந்தச் சீர்திருத்தத்தின் வழியில் பிறந்ததுதான். பத்து வயதுப் பிள்ளையை அது படுத்தும் பாடு எனக்கும் பிடிக்காது. என்றாலும் அந்தப் பரீட்சையைப் பெற்றோர் உண்டாக்கவில்லை. உன் பிள்ளை முன்னேற இதுதான் வழி என்று அரசு காட்டியது, அவர்கள் நம்பினார்கள்.

சரி, அதற்குப் பிறகு நடந்தவற்றைப் பார்ப்போம்.

1972இல் ஒரு பெரிய மாற்றம் வந்தது. முதலாம் வகுப்பில் சேரும் வயது ஆறாகியது. சாதாரண தரத்தை எடுத்துவிட்டு அதன் இடத்தில் தேசியச் சான்றிதழ் ஒன்றை வைத்தார்கள். பிரதேசத்துத் தொழில்களைப் பாடமாகவே படிப்பித்தார்கள். நடுவர் ஐயா, இதை நான் குறை சொல்லமாட்டேன். கடலும் வயலும் உள்ள வன்னி போன்ற இடத்துக்கு அது எவ்வளவு பொருத்தமான எண்ணம்! ஆனால் ஆசிரியர்களை ஆயத்தப்படுத்தவும் பட்டறைகளைக் கட்டவும் பொறுமை இல்லாமல் நாடு முழுவதும் அதை இறக்கினார்கள். 1977இல் ஆட்சி மாறியது. திருத்திப் பார்ப்போம் என்றுகூட யாரும் சொல்லவில்லை, பழைய சாதாரண தரமும் உயர்தரமும் திரும்பி வந்தன. இடையில் அகப்பட்ட பிள்ளைகள் அந்தச் சான்றிதழோடு வேலை தேடி நின்றார்கள். கொண்டு வருவதிலும் அவசரம், தூக்கி எறிவதிலும் அவசரம். இதில் பெற்றோரின் மோகம் எங்கே இருக்கிறது?

ஆட்சிக்கு ஆட்சி கொள்கை ஆடக்கூடாது என்பதற்காக 1991இல் தேசிய கல்வி ஆணைக்குழுவை அமைத்தார்கள். ஆட்டம் நின்றதா? 1997இல் கல்விச் சீர்திருத்தத்துக்கென்று ஜனாதிபதி செயலணி வந்தது. 1999இல் முதலாம் தரத்துக்குப் புதிய முறை நாடெங்கும் வந்தது. விளையாட்டும் செயற்பாடுமாகப் பிள்ளை கற்க வேண்டும் என்பது அருமையான நோக்கம். அந்த ஆண்டில் எங்கள் வன்னி எப்படி இருந்தது என்று இந்த மண்டபத்தில் இருக்கும் பெரியவர்களைக் கேளுங்கள். கிளிநொச்சி நகரம் இடிந்து கிடந்தது. சீமெந்துக்குத் தடை. மர நிழலிலும் கிடுகுக் கொட்டிலிலும் பாடசாலைகள் நடந்தன. தேசியச் சீர்திருத்தம் என்று பெயர் வைத்தவர்கள் இந்தப் பிள்ளைகளையும் தேசத்துக்குள் எண்ணித்தான் கணக்குப் போட்டார்களா?

இந்த 2026ஐப் பாருங்கள். ஆறாம் தரத்துக்கு மொடியூல் முறையில், அதாவது பாடத்தைச் சிறு சிறு அலகுகளாகப் பிரித்து, புதிய பாடத்திட்டம் தைமாதம் தொடங்கும் என்றார்கள். ஆங்கில மொடியூலில் எழுந்த சர்ச்சையோடு அது 2027க்குத் தள்ளிப் போனது. பாடசாலை நேரத்தை அரை மணித்தியாலம் கூட்டி இரண்டு மணிவரை நடத்துவோம் என்றார்கள், பிறகு அதையும் ஒத்திவைத்தார்கள். அந்த அரை மணித்தியாலத்தைப் பற்றி நான் கொஞ்சம் பேச வேண்டும்.

பத்தரமுல்லையில் இருக்கும் அமைச்சில் அரை மணித்தியாலம் என்பது கடதாசியில் ஒரு கோடு. ஒட்டுசுட்டானிலும் நெடுங்கேணியிலும் துணுக்காயிலும் அது ஒரு பஸ். அந்த பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று இங்கே இருக்கும் தாய்மாருக்குத் தெரியும். காட்டோரம் சைக்கிளில் வீடு திரும்பும் பெண்பிள்ளைக்கு யானை வெளிக்கிடும் நேரம் தெரியும். யாழ்ப்பாணத்தில் இருந்து விடிய முன்னர் புறப்பட்டு வந்து படிப்பித்துவிட்டு, இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர நினைக்கும் ஆசிரியைக்கும் அந்த பஸ்தான். அவரை நான் குறை சொல்லவில்லை. தங்க ஒரு நல்ல விடுதியும் தன் பிள்ளையைச் சேர்க்க ஒரு நல்ல பாடசாலையும் பக்கத்தில் இருந்தால் அவர் ஏன் ஓடப் போகிறார்? கஷ்டப் பிரதேச சேவைக்காலம் முடிந்ததும் இடமாற்றம் கேட்டுப் போகிறார். அடுத்தவர் வருகிறார், புதிய முறைக்கான செயலமர்வை மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டும். ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று தரங்களைச் சேர்த்து வைத்துப் படிப்பிக்கும் சின்னப் பாடசாலைகள் இன்னமும் இங்கே இருக்கின்றன. குழுச் செயற்பாடு, செயற்றிட்டம், தனித்தனிக் கணிப்பீடு எல்லாம் அந்த ஒருவர் தலையில்தான். இரணைமடுக் குளத்தில் துருசை, அந்த மதகுக் கதவை, திறந்தால் மட்டும் கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்விடாது, வாய்க்கால் வெட்டியிருக்க வேண்டும். வாய்க்காலைப் பார்க்காமல் துருசைத் திறப்பதும், தண்ணீர் வரவில்லையே என்று கடைசி வயல்காரனையே பிழை சொல்வதும் எந்த ஊர் நியாயம் ஐயா?

அப்புறம், மோகம் என்ற பேச்சுக்கு வருகிறேன். எனக்கு மனம் நொந்தது அந்த இடத்தில்தான்.

போர் முடிந்த 2009இன் ஆவணியில், இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த செட்டிக்குளம் முகாம்களுக்குள் இருந்து எங்கள் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். சில மாதங்களுக்கு முன்னர் அவர்கள் எங்கே இருந்தார்கள், யாரை இழந்தார்கள் என்று இந்த மண்டபத்தில் நான் சொல்லத் தேவையில்லை. வீடு போனது, உழவு இயந்திரம் போனது, தோணி போனது. பிறப்புச் சான்றிதழையும் பெறுபேற்றுத் தாளையும் பொலித்தீன் பையில் சுற்றிக் கையோடு கொண்டு வந்த தாய்மார் இங்கே இருக்கிறார்கள். அந்தத் தாய் பரீட்சையைப் பெரிதாக நினைப்பதற்கு மோகம் என்றா பெயர் வைப்பீர்கள்? இடம்பெயர்வில் பறிபோகாத ஒரே சொத்து அது என்று பட்டு அறிந்தவர் அவர்.

அவர் கணக்குத் தெரியாதவரும் அல்லர். பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 சதவீதம் மாவட்டங்களுக்கு, 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்கும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. பெட்டிக்கடை வைத்திருக்கும் அம்மாவும், உயர்தரப் பெறுபேற்றைத் தரப்படுத்திப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவு செய்யும் இசற் புள்ளி பற்றிப் பேசுவார். ஏன்? அது எழுதி வைத்த விதி. ஆளைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, அமைச்சரின் கடிதம் வேண்டியதில்லை. மறுபக்கம், பாடசாலை மட்டக் கணிப்பீடு என்று கொண்டு வந்தார்களே, பிள்ளை ஆண்டு முழுவதும் செய்த வேலைக்குப் புள்ளி போட்டார்களே, பல்கலைக்கழக அனுமதியில் அதற்கு என்ன பெறுமதி? ஒன்றும் இல்லை. அரசே மதிக்காத புள்ளியைப் பெற்றோர் மட்டும் மதிக்க வேண்டுமா?

எங்கள் பெற்றோர் தொழிற்கல்வியை இழிவாகப் பார்க்கிறார்கள் என்று எதிரணித் தங்கை ஒருவர் சொன்னார். தங்கச்சி, 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பத் துறையைத் தொடங்கினார்கள். எங்கள் பகுதியில் எத்தனை பாடசாலைகளில் அதற்கு ஆய்வுகூடமும் ஆசிரியரும் ஒன்றாகக் கிடைத்தன என்று வலயக் கல்வி அலுவலகத்தில் போய் விசாரித்துப் பாருங்கள். தொழில்நுட்பத்தை விடுவோம். பௌதிகத்துக்கும் இரசாயனத்துக்கும் ஆள் இல்லாததால், கணிதத்தில் கெட்டிக்காரப் பிள்ளை கலைப்பிரிவுக்குப் போவது எங்கள் ஊர்களில் புதினமா? அறிவியல் நகரில் 2016இல் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் திறக்கப்பட்டது. கட்டடமும் இயந்திரமும் படிப்பிக்க ஆளும் கையில் கிடைக்கும் தராதரமும் அங்கே இருந்தன. எங்கள் பிள்ளைகள் போய்ச் சேர்ந்தார்களா இல்லையா? பெற்றோர் மறித்தார்களா? உண்மையான வழி ஒன்றைத் திறந்து காட்டினால் எங்கள் சனம் அதில் நடக்கும்.

காசு விஷயத்தை நீட்டவில்லை. உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்குங்கள் என்று 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் மாதக்கணக்கில் பணிப்புறக்கணிப்புச் செய்தார்கள். இரண்டு சதவீதத்தைச் சுற்றியேதான் நாடு நின்றது. அந்த வரவுசெலவுத் திட்டத்துக்குக் கைதூக்கியவர்கள் பாராளுமன்றத்தில் இருந்தவர்கள், முறிகண்டியில் கச்சான் விற்கும் அப்பா அல்ல.

நேரம் முடிகிறது என்று மணி அடித்துவிட்டார்கள். நடுவர் ஐயா, எனக்கு அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லட்டும். மாந்தை கிழக்கில் ஒரு தகப்பன், நாளையில் இருந்து பரீட்சை மோகத்தை விட்டுவிடுகிறேன், ரியூசனுக்கும் மகளை அனுப்பவில்லை என்று முடிவெடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த திங்கட்கிழமை காலையில் அந்தப் பிள்ளையின் வகுப்பறைக்குள் உங்கள் சீர்திருத்தத்தைக் கொண்டு போகும் ஆசிரியர் யார், அவர் எந்த பஸ்ஸில் வருகிறார், எத்தனை ஆண்டு அங்கே இருப்பார்? இதற்குப் பதில் இருந்தால் தீர்ப்பை அவர்களுக்கே கொடுங்கள். நன்றி, வணக்கம்.