இரைச்சலை உதறாத மனிதர்

வணக்கம் நேயர்களே. ஹட்டன் பக்கம் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவன் நான். இன்றைக்கு பெர்னார்ட் காட்ஸ் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நரம்பு தசையிடம் எப்படிச் செய்தி சொல்கிறது என்பதைத் தவளைத் தசையை வைத்தே கண்டறிந்தவர். இந்தப் பெயரை நீங்கள் கேள்விப்படாமல் இருக்கலாம், பரவாயில்லை.

1911இல் ஜெர்மனியின் லீப்சிக் நகரில் பிறந்தார். அப்பா ரஷ்யாவிலிருந்து வந்த யூதர். பிறந்தது, படித்தது, மருத்துவப் பட்டம் வாங்கியது எல்லாம் ஜெர்மனியில்தான், ஆனால் குடியுரிமை இல்லை. ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு அந்தப் பக்கமும் கதவு அடைபட்டது. ஆக, நாடற்றவர். வகுப்பில் இந்த இடம் வந்தால் பின்வாங்குப் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்காருவார்கள். 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தாத்தா பாட்டிமாரை நாடற்றவர்களாக்கிய கதையைத் தோட்டத்து லயத்தில் கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா? ஹிட்லர் ஆட்சியில் இருக்க முடியாமல் 1935இல் லண்டனுக்குப் போனார் காட்ஸ். பிறகு சிட்னி. அங்கே 1941இல்தான் பிரித்தானியக் குடியுரிமை கிடைத்தது. அதுவரை அவருக்கென்று ஒரு நாடு கிடையாது. போர்க்காலத்தில் ஆஸ்திரேலிய விமானப்படையில் ரேடார் பார்த்தார். சரி, இதிலேயே நின்றால் தவளை காத்திருக்கும்.

லண்டனுக்குத் திரும்பிய பிறகு, 1950களின் தொடக்கத்தில் பால் ஃபாட் என்பவரோடு சேர்ந்து, மயிரைவிட மிக மெல்லிய கண்ணாடி முனையைத் தவளையின் தசை நாருக்குள் செருகினார். நரம்பு தசையைத் தொடும் இடத்தில். நரம்பை யாரும் தூண்டவில்லை. ஆனாலும் திரையில் சின்னச் சின்னத் துள்ளல்கள்! அரை மில்லிவோற்று அளவு, ஏறத்தாழ விநாடிக்கு ஒன்று, ஒழுங்கே இல்லாமல். மலைக்குப் பின்னால் இருந்து ஸ்டேஷன் பிடிக்கும் நமக்கு இந்தக் கரகரப்பு பழக்கம்தான். குமிழைத் திருகிவிட்டு வேலையைப் பார்ப்போம். காட்ஸ் திருகவில்லை. முனையைச் சற்றுத் தள்ளி வைத்துப் பார்த்தார்: துள்ளல் மறைந்தது. கியூராரே என்ற நஞ்சைச் சேர்த்தார்: அடங்கியது. கருவியின் கோளாறு என்றால் இடமும் நஞ்சும் அதற்கு எப்படித் தெரியும்? நரம்பு முனை சும்மா இருக்கும்போதும், தசைக்குச் செய்தி கொண்டுபோகும் அசற்றைல்கோலின் என்ற இரசாயனத்தைக் கசியவிடுகிறது. அதுவும் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் கொண்ட பொட்டலமாக.

இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன்: வெறும் இரைச்சல் என்று அவர் உதறவில்லை.

பிறகு ஹோசே டெல் காஸ்டியோவோடு சேர்ந்து, தசையைச் சுற்றியுள்ள திரவத்தில் கல்சியத்தைக் குறைத்து மக்னீசியத்தைக் கூட்டி நரம்பைத் தூண்டினார். தசையின் பதில் சில வேளை ஒரு பொட்டலத்தின் அளவு, சில வேளை இரண்டு, மூன்று, சில வேளை ஒன்றுமே இல்லை. ஒன்றரை மட்டும் வரவில்லை. இது 1954இல். அதே காலத்தில் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் நரம்பு முனையில் குட்டிக் குட்டிப் பைகள் தெரிந்தன. ஒரு பை, ஒரு பொட்டலம் என்று கணக்கு பொருந்தியது. பைகள் திறக்கக் கல்சியம் உள்ளே வரவேண்டும் என்பதையும் ரிக்கார்டோ மிலெடியோடு நிறுவினார். 1970இல் வேறு இருவரோடு பகிர்ந்து நோபல் பரிசு பெற்றார்.

அப்புறமும் விடவில்லை. அசற்றைல்கோலின் பட்ட தசைச் சவ்வில் எழும் நுண்ணிய மின் நடுக்கத்தை மிலெடியோடு அளந்து, மின்னேற்றத் துகள்கள் நுழைய அந்தச் சவ்வில் இருக்கும் வாயில்களில் ஒன்றே ஒன்று திறந்தால் எவ்வளவு மின் மாற்றம் என்று கணக்கிட்டார். மறுபடி இரைச்சல்தான்! அவர் துறையில் வேலை பார்த்த பெர்ட் சாக்மான், எர்வின் நெஹரோடு சேர்ந்து அந்த ஒற்றை வாயிலையே நேரடியாகப் பதிவுசெய்து 1991இல் நோபல் வாங்கினார். இன்று மூளையின் நரம்புக் கலங்களில் நினைவு எப்படிப் பதிகிறது என்று ஆராய்கிறவர்களும் காட்ஸின் அந்தச் சின்னத் துள்ளல்களைத்தான் எண்ணுகிறார்கள்.

தம்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைகாட்டுகிறார். முக்கியமானதைக் கடைசிக்கு வைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். வெளியான அசற்றைல்கோலினை உடைக்க ஒரு நொதியம் இருக்கிறது. மரக்கறித் தோட்டத்தில் அடிக்கும் ஒகனோபொஸ்பேற்று வகைப் பூச்சிமருந்துகள் சில அதை முடக்கும். தசை துடித்து, பிறகு தளரும். 1987இல் பேராதனையிலிருந்து நிமல் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரலியத்தவும் எழுதினார்கள்: முதல் ஆபத்து தாண்டிய பிறகும், ஒன்றிலிருந்து நான்கு நாட்களுக்குள் கழுத்தும் மூச்சுத் தசைகளும் சோர்ந்துபோகலாம் என்று. ஆகவே பூச்சிமருந்து உடலில் ஏறி ஆஸ்பத்திரியில் கிடப்பவர் எழுந்து பேசினாலும், டொக்டர் விடும்வரை வீட்டுக்குக் கூட்டிவராதீர்கள். வணக்கம்.