பூநாரையை விடுங்கள், இந்தத் திருட்டுப் பறவையைப் பாருங்கள்! வேலூரில் இருந்து எண்ணூர் வரை குளிர்காலப் பறவைகள்

[திரையில்: எண்ணூர் முகத்துவாரம், காலை நேரம். தூரத்தில் துறைமுகக் கிரேன்கள், முன்னால் வெள்ளைப் பறவைக் கூட்டம்]

வணக்கம் மக்களே! தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று நம்ம வேலூரைக் கிண்டல் செய்ய ஒரு பழைய பட்டியல் இருக்கிறது, தெரியும்தானே? அதே பாணியில் இன்றைக்கு நான் ஒன்று சொல்கிறேன்: கடலே இல்லாத ஊரில் பிறந்த கடற்காக்கை. பதறாதீர்கள், அந்த ஊர் வேலூர் இல்லை. எந்த ஊர் என்று வீடியோவின் நடுவில் சொல்கிறேன், ஓட்டிவிட்டுப் பார்க்காதீர்கள்.

முதலில் ஒரு நியாயமான கேள்வி. வேலூர்க்காரர்களுக்குத் துறைமுகத்தில் என்ன வேலை?

நம்ம தண்ணீர் அங்கேதான் போகிறது! பாலாற்றில் வெள்ளம் வரும்போது வாலாஜா பக்கத்து அணைக்கட்டில் இருந்து கால்வாய் வழியாகக் காவேரிப்பாக்கம் ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. பல்லவர் காலத்து ஏரி அது. இப்போது ராணிப்பேட்டை மாவட்டம், 2019க்கு முன்னால் வேலூர் மாவட்டம், நம் தாத்தாக்களைக் கேட்டால் வட ஆற்காடு. ஏரி நிரம்பிக் கோடி போனால் அந்த உபரி நீர் கொசஸ்தலை ஆற்றில் சேர்கிறது. கேசாவரம் அணைக்கட்டில் ஒரு பங்கு கூவமாகப் பிரிந்து போகிறது. மிச்சம் பூண்டி நீர்த்தேக்கம் தாண்டி எண்ணூர் முகத்துவாரத்தில் கடலைத் தொடுகிறது. முகத்துவாரத்துக்கு வடக்கே காமராஜர் துறைமுகம், அதை ஒட்டிக் காட்டுப்பள்ளித் துறைமுகம், அப்படியே மேலே போனால் பழவேற்காடு. மழை நன்றாகப் பெய்த வருடத்தில் பாலாற்றுத் தண்ணீர் கொஞ்சம் கப்பலையே பார்த்துவிட்டு வருகிறது. கூவத்தில் நமக்கும் பங்கு உண்டு என்பதைச் சென்னை நண்பர்களிடம் சொல்லாதீர்கள்.

இதே பாதையில் எதிர்த்திசையில் யோசித்தால் பறவை பார்ப்பது சுலபம். வடக்கே பனி உறையும்போது மத்திய ஆசிய வலசைப் பாதை வழியாகப் பறவைகள் இறங்கி வருகின்றன. அக்டோபரில் தொடங்கி மார்ச், ஏப்ரல் வரை இங்கே இருக்கின்றன. பின்னணி அவ்வளவுதான், பாடம் முடிந்தது.

சுவாரஸ்யம் தண்ணீரின் ஆழத்தில் இருக்கிறது. ஏரி நிரம்பி வழிந்தால் நமக்குச் சந்தோஷம், விவசாயிக்குச் சந்தோஷம். சேற்றில் இரை பொறுக்கும் உள்ளான் பறவைகளுக்குத் திண்டாட்டம்! அவற்றுக்கு வேண்டியது கணுக்கால் அளவு தண்ணீரும் ஈரச் சேறும். அதனால் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்த டிசம்பரில் கரையில் நின்று “பறவையே இல்லையே” என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். ஆழமான தண்ணீரில் ஊசிவால் வாத்து, தட்டைவாயன் மாதிரி வாத்து வகைகளைத் தேடுங்கள். தண்ணீர் வற்றி ஓரத்தில் சேறு தெரிய ஆரம்பித்த பிறகு, ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ மறுபடி வாருங்கள். அதே ஏரியில் வேறு கூட்டம் இருக்கும்.

கடலோரத்தில் இந்த மாற்றத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். கடல்நீர் ஏறி வடிவதால் சேற்றுத்திட்டு தினமும் திறந்து மூடுகிறது. வடிந்த நேரத்தில் பறவைகள் பரந்து மேயும். ஏறிய நேரத்தில் மேட்டில் ஒதுங்கி ஒற்றைக் காலில் தூங்கும். எண்ண வேண்டும் என்றால் தூங்கும்போது எண்ணுங்கள், வேடிக்கை பார்க்க வேண்டும் என்றால் மேயும்போது போங்கள்.

[திரையில்: சேற்றில் ஓடும் கொசு உள்ளான், அருகே எடுத்த படம்]

இதோ கொசு உள்ளான். எடை ஏறக்குறைய 25 கிராம். ஆம்பூர் பிரியாணியில் வரும் ஒரு கறித்துண்டைவிடக் குறைவு! பிறந்தது ஆர்க்டிக் கரையோரத் துருவச் சமவெளியில். சைபீரியாவைத் தாண்டி வந்து, வட சென்னை அனல் மின் நிலையத்துச் சிம்னிகளின் நிழலில் சேற்றைக் கொத்திக்கொண்டிருக்கிறது. நீளமான அலகு உள்ள மூக்கன்கள் ஆழத்தில் இருக்கும் புழுவை எடுக்கும், இது மேல்மட்டத்தில் பொறுக்கும். ஒரே சேறு, சண்டை குறைவு. அலாஸ்காவில் இருந்து டாஸ்மேனியாவுக்கு 2022இல் 13,560 கிலோமீட்டர் நிற்காமல் பறந்த பட்டைவால் மூக்கன் கதையை எல்லாச் சேனலும் சொல்லியாயிற்று, நான் விட்டுவிடுகிறேன்.

சரி, நம்ம நாயகனுக்கு வருவோம்.

பழுப்புத்தலைக் கடற்காக்கை. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு திரும்பும் நேரத்தில் பின்னாலேயே கத்திக்கொண்டு வருமே, அந்த வெள்ளைக் கூட்டத்தில் இதைத் தேடுங்கள். கடல்தான் இதன் சொந்த வீடு என்று நினைப்போம். பிறப்பது எங்கே தெரியுமா? லடாக், திபெத், அதற்கு அப்பால் மத்திய ஆசிய மேட்டுநிலங்கள். கடல் மட்டத்தில் இருந்து 4,000 மீட்டருக்கு மேல் இருக்கும் லடாக்கின் சோ கார் ஏரிப் பக்கத்தில் கூடு கட்டுகிறது. அங்கே இருந்து கடலுக்கு எந்தத் திசையில் போனாலும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். மலையில் ஏரி உறைய ஆரம்பித்ததும் இறங்கி, குளிர்காலம் முழுவதும் நம்ம கரையில் நெத்திலி பொறுக்குகிறது. வெயில் ஊரில் வளர்ந்துவிட்டு ஊட்டியில் ஸ்வெட்டரோடு நடுங்குகிற நாம் இதனிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

உப்புத் தண்ணீரைக் குடித்து எப்படிச் சமாளிக்கிறது? இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. கடற்காக்கைகளுக்குக் கண்களுக்கு மேலே ஒரு ஜோடி உப்புச் சுரப்பி இருக்கிறது. ரத்தத்தில் சேரும் கூடுதல் உப்பை இழுத்து, கடல்நீரைவிடக் கரிக்கும் சொட்டுகளாக மூக்குத் துளை வழியாக வெளியே விடும். படகு விளிம்பில் உட்கார்ந்து அடிக்கடி தலையை உதறுகிறதே, ஜலதோஷம் இல்லை, உப்பைத் தட்டிவிடுகிறது!

தலைப்பில் திருட்டுப் பறவை என்றேனே, அதுவும் இதுதான். ஆலா என்ற இன்னொரு கடற்பறவை கஷ்டப்பட்டுத் தண்ணீரில் பாய்ந்து மீன் பிடிக்கும். இது துரத்திப் போய், அது பயந்து நழுவவிடும் வரை விடாது. ஆலாக்கள் மேல் எனக்குப் பரிதாபம் உண்டு, ஆனாலும் அந்தத் துரத்தலை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. நீங்கள் யார் கட்சி? கமெண்டில் போடுங்கள்.

அடையாளம் காணும்போது ஒரு சிக்கல் வரும். குளிர்காலத்தில் தலை பழுப்பாகவே இருக்காது. வெள்ளைத் தலை, கண்ணுக்குப் பின்னால் மை தொட்டு வைத்த மாதிரி ஒரு கரும்புள்ளி. சிவந்த அலகு, நுனி கருப்பு. பக்கத்திலேயே கருந்தலைக் கடற்காக்கையும் அதே வேஷத்தில் நிற்கும். வளர்ந்த பறவையின் கண்ணைப் பாருங்கள்: வெளிறிய கண் என்றால் நம்ம ஆள். பறக்கும்போது கருப்பு இறக்கை நுனிக்குள் வெள்ளைத் திட்டு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். மார்ச் வாக்கில் ஊர் திரும்பும் முன் பழுப்பு முக்காடு போட ஆரம்பிக்கும்.

[திரையில்: பழவேற்காட்டுப் பூநாரைகள்]

பூநாரைதானே தம்ப்நெயிலில் இருந்தது? ஆமாம், போடாவிட்டால் நீங்கள் உள்ளே வந்திருக்க மாட்டீர்கள். தலைகீழாக அலகை வைத்துச் சேற்று நீரை வடிகட்டும், இளஞ்சிவப்பு நிறம் தின்னும் உணவில் இருந்து வருகிறது, மிக அழகு. படகு பிடித்துக் கிட்டே போகாதீர்கள், அவ்வளவுதான். ஒருமுறை மொத்தக் கூட்டமும் எழும்பினால் உங்களுக்கு ரீல்ஸ், அதற்கு அன்றைய தீனி நஷ்டம்.

எப்படிப் போவது? காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னை சென்ட்ரல், அங்கே இருந்து புறநகர் ரயிலில் பொன்னேரி, பிறகு பழவேற்காட்டுக்குப் பஸ். ஒரு நாளில் போய்வர முதல் ரயிலைப் பிடியுங்கள். கிழக்குக் கரை என்பதால் காலையில் கடலைப் பார்த்து நின்றால் எல்லாப் பறவையும் கருநிழல்தான். காலையில் ஏரிப் பக்கம் மேற்கே பாருங்கள், கடற்கரையைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மடங்கு பெருக்கும் சாதாரண பைனாகுலர் போதும். துறைமுக மதில் பக்கம் கேமராவைத் தூக்காதீர்கள், பாதுகாப்புப் பகுதி. விளக்கம் சொல்லிச் சொல்லியே பொழுது போய்விடும்.

ஒரு கசப்பான விஷயம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தது. கூழைக்கடாக்களின் வெள்ளை இறகுகள் கருத்துப்போன படங்களைப் பார்த்திருப்பீர்கள். இறகில் எண்ணெய் ஒட்டினால் நீர் ஒட்டாத தன்மை போய்விடும்; அலகால் கோதும்போது எண்ணெய் வயிற்றுக்குள் போகும். அதே வெள்ளத்தில் மீனவர்களின் வலையும் படகும் கெட்டன. தோல் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்று பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பயணத்துக்கு நேரம் இல்லையா? வருடா வருடம் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. உங்கள் ஊர் ஏரிக்கரையில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளையெல்லாம் எண்ணி, பறவைப் பட்டியல்களைச் சேர்க்கும் இபேர்ட் இணையதளத்தில் ஏற்றினால் போதும். காக்கை, மைனாவையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும், அலட்சியம் செய்யாதீர்கள். குடியாத்தம், ஆற்காடு, சோளிங்கர் பக்கத்து நண்பர்களே, உங்கள் ஏரியில் இப்போது தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, ஓரத்தில் சேறு தெரிகிறதா என்று கீழே எழுதுங்கள். அதை வைத்துத்தான் அடுத்த வீடியோவுக்கு எந்த ஏரிக்குப் போவது என்று முடிவு செய்யப்போகிறேன்.