தாத்தாவின் ஈட்டி எந்தக் கணக்கில் வரும்?

நேயர்களுக்கு வணக்கம். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, பகடை உருட்டி, பேசிப் பேசியே ஒரு மாயாஜாலக் கதையை ஆடுகிற விளையாட்டு ஒன்று உண்டு. 1974ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகைக்கு முன்னோடி. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். பாத்திரத்தின் திறமைகள் ஒரு பக்கம், கையில் இருக்கும் பொருள்கள் ஒரு பக்கம் என்று எல்லாம் ஒரு தாளில் இருக்கும். குடும்ப ஆயுதத்தை அந்தத் தாளில் எந்தப் பக்கம் எழுதுவது? பல வருடங்களாக எனக்கு இதே யோசனைதான்.

அண்ணா நகரில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஆடுகிறோம். எங்களில் ஒரு பெண், தன் பாத்திரத்துக்குத் தாத்தாவின் ஈட்டியைக் கொடுத்திருந்தாள். கம்பில் வரிசையாக வெட்டுக் கோடுகள். ஒவ்வொரு கோடும் தாத்தா காவல் காத்த ஓர் அறுவடை என்று அவளே சொன்னாள். கொஞ்ச நாளில் ஒரு ராஜாவின் கல்லறையில் மந்திர ஈட்டி கிடைத்தது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பழையதைப் போட்டுவிட்டு இதை எடுத்துக்கொள் என்றார்கள். அவள் மாட்டேன் என்றுவிட்டாள்.

இங்கேதான் சிக்கல். இந்த விளையாட்டில் ஆட ஆடப் பாத்திரத்தின் படி, அதாவது லெவல், ஏறும், புதுத் திறமையும் கிடைக்கும். லெவல் ஏற ஏற எதிரியும் பலமாவான். நீங்கள் புதுப்புது ஆயுதம் வாங்கியிருப்பீர்கள் என்று நம்பித்தான் அந்தக் கணக்கே போடப்பட்டிருக்கிறது. நாங்கள் ஆடியது பழைய பதிப்பு. அதில் கார்காயில் என்று ஒரு கல் பூதம். மந்திர ஆயுதம் தவிர வேறெதுவும் அதன்மேல் ஏறாது. அது வந்த அன்று அவள் பகடை நன்றாகத்தான் விழுந்தது, ஆனால் ஈட்டி கல்லில் பட்டுத் திரும்பியது. பாசம் வைத்ததற்கு விதிகள் அவளுக்குக் கொடுத்த தண்டனை அது. எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த லெவல் வந்தபோது சேர்ந்து பேசி ஒரு முடிவெடுத்தோம். மற்றவர்கள் புதுத் திறமை வாங்கட்டும், அவள் பங்கு ஈட்டிக்குப் போகட்டும். தாளில் பொருள் பக்கத்தில் இருந்த வரியை அழித்து, திறமைப் பக்கத்தில் எழுதினாள். அப்புறம் யாரும் கேட்காமலே, கம்பில் தன் முதல் கோட்டை வெட்டுவதாகச் சொன்னாள். மறுபடி ஒரு கார்காயில் வந்தது. இந்தத் தடவை ஈட்டி இறங்கியது.

இதிலிருந்து எனக்குப் புரிந்தது இதுதான்: குடும்ப ஆயுதத்தைப் பொருளாக எழுதினால் அது பழசாகும், திறமையாக எழுதினால் ஆளோடு வளரும். அவ்வையார் தொண்டைமானிடம் தூது போனபோது பார்த்தது நினைவிருக்கும். அவன் ஆயுதங்கள் நெய் பூசி, மயிற்பீலி சூடி, காவல் மனையில் இருந்தன. அதியமானுடையவையோ போரில் உழைத்து முனை முறிந்து கொல்லன் கொட்டிலில் கிடந்தன. எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கொல்லன் கொட்டில்தான் நினைவுக்கு வரும்.

இதை எங்களுக்கு முன்பே யோசித்தவர்கள் உண்டு. 1993ல் வந்த எர்த்டான் விளையாட்டில், பழைய வாளின் பெயர் என்ன, செய்தவர் யார், அதை ஏந்தியவர் என்ன செய்தார் என்று தேடித் தெரிந்துகொள்ள வேண்டும். அதோடு உங்கள் அனுபவப் புள்ளிகளையும் செலவழித்தால்தான் வாளின் சக்தி படிப்படியாகத் திறக்கும். குடும்ப வரலாறு தெரிந்தவனுக்குப் பலம். எவ்வளவு அழகான விதி! டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸிலேயே 2001ல் வந்த சாமுராய் என்ற வீரன் வகைப் பாத்திரம் தன் மூதாதையர் வாளுக்குச் செல்வத்தைக் காணிக்கையாக்கி அதன் சக்தியை எழுப்பும்.

சரி, பறிபோனால்? கர்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். கவச குண்டலம் பிறவியிலேயே வந்தது, உடம்போடு ஒட்டியது, சுத்தமான திறமை. அதை அறுத்துக் கொடுத்ததும் இந்திரன் கொடுத்தது ஒரே தடவை எறியக்கூடிய சக்தி ஆயுதம். அர்ஜுனனுக்கென்று பத்திரமாக வைத்திருந்ததைக் கடோத்கசன்மேல் எறிய வேண்டியதாயிற்று. திறமையைக் கொடுத்துப் பொருளை வாங்கினான், அதுவும் ஒரே இரவில் போய்விட்டது. 1981ல் வந்த சாம்பியன்ஸ் விளையாட்டில் இதற்கு நேர்மையான விலை உண்டு. பறிக்கக்கூடிய பொருளில் இருக்கும் சக்தி மலிவு, உடம்போடு இருப்பது விலை அதிகம். எங்கள் மேசையில் ஆயுதம் களவு போகலாம், ஆனால் மீட்க வழி இல்லாமல் போகாது. முழு விலை கொடுத்தவளிடமிருந்து அதை ஒரேயடியாகப் பிடுங்குவது அநியாயம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் நெருங்கிவிட்டது. வாரிசு விஷயத்தை விரிவாகச் சொல்லத்தான் ஆசை, சுருக்கமாகவே முடிக்கிறேன். பாத்திரம் இறந்தால், அடுத்து அந்த ஈட்டியை எடுப்பவருக்கு அதன் சக்தியில் முதல் படி மட்டும் இலவசமாகக் கொடுங்கள். மேலே உள்ள படிகளை அவரே தன் லெவல்களால் வாங்கட்டும், கம்பில் உள்ள கோடுகளின் கதையைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு. வணக்கம்.